சென்னிமலை பஸ் டிரைவரின் தொண்ணூறு நாள்

கொங்கு நாட்டில் ஒரு மனுசன் 'வேண்டாமுங்க' என்று சொன்னால் அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. முதல் தடவை சொன்னால் மரியாதைக்குச் சொல்கிறார் என்பார்கள். இரண்டாம் தடவை சொன்னால் கூச்சப்படுகிறார் என்பார்கள். மூன்றாம் தடவை வாயைத் திறப்பதற்குள் டம்ளர் கைக்கு வந்திருக்கும். அதற்கு மேலும் மறுத்தால் போச்சு, 'எங்க ஊட்டுல கை நனைக்கமாட்டீங்களாக்கும்' என்று முகம் சுண்டிவிடும். அந்த வருத்தம் இரண்டு தலைமுறைக்கு ஆறாது. நாற்பத்தொன்பது வயது வரைக்கும் பொங்கியண்ணனுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. அதற்கப்புறம் தொண்ணூறு நாள் இந்த உபசாரத்தோடு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அவர் கோயமுத்தூர் – சென்னிமலை பஸ்ஸின் டிரைவர். காந்திபுரத்தில் கிளம்பினால் அவிநாசி, பெருமாநல்லூர், ஊத்துக்குளி, கடைசியில் சென்னிமலை. திரும்பவும் அதே ரோடு. இருபத்திரண்டு வருசமாக ஒரே முதலாளியிடம், கோவிந்தராஜுலு என்பவரிடம், வேலை. குடியிருப்பது அவிநாசியில். வழிநெடுக டீக்கடைக்காரர்கள் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டீயும் வடையும் சும்மா கொடுப்பார்கள். வண்டி நின்றால்தானே கடைக்கு ஆள் வரும். டிரைவர் டீ என்றாலே சர்க்கரை இரண்டு கரண்டி கூட. பெருமாநல்லூரில் ஓர் அம்மாள் ஜன்னல் வழியாக வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் நீட்டுவார். சென்னிமலையில் பெட்ஷீட் மூட்டைகளை வண்டி மேல் ஏற்றுகிற நேரத்தில் தறிக்காரர்கள் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போய் இன்னொரு டீ வாங்கிக் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை என்று அவர் எண்ணியதே இல்லை. டாக்டர் எண்ணச் சொன்னபோது எண்ணிப் பார்த்தார். பதினான்கு.

எல்லாம் தொண்ணூற்றைந்தாம் வருசத்துத் தை மாதத்தில் ஒரு சாயங்காலம் ஆரம்பித்தது. பெருமாநல்லூர் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது. எதிரே வந்த லாரியின் விளக்கு இரண்டும் நாலாகக் கலைந்து தெரிந்தன. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கிறார், மூக்குக்கு நேரே ஒரு கரும்பு வண்டி. பிரேக்கை மிதித்த மிதியில் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் முன்னால் வந்து விழுந்தார்கள். ஒரு முழ தூரத்தில் வண்டி நின்றது. ஜனங்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, விளக்கில்லாமல் வண்டி ஓட்டுகிறாயா என்று கரும்பு வண்டிக்காரனைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். கண்டக்டர் பாலகோபாலும் இறங்கிப்போய்த் தன் பங்குக்கு நாலு வார்த்தை சொன்னான். வண்டிக்காரன் பாவம், மாட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றான். பொங்கியண்ணன் எட்டிப் பார்த்தார். வண்டிக்கு அடியில் லாந்தர் தொங்கிக்கொண்டிருந்தது, நன்றாக எரிந்துகொண்டுதான் இருந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை.

லைசென்ஸ் முடிய அப்போது மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. கனரக வண்டி ஓட்டுகிறவர்கள் மூன்று வருசத்துக்கு ஒரு தடவை டாக்டர் சர்டிபிகேட்டோடு புதுப்பிக்க வேண்டும். முதலாளி வழக்கம்போல, "நம்ம டாக்டருகிட்ட போய்ட்டு வந்துருங்க பொங்கியண்ணா. ரெண்டு நிமிச வேலை," என்றார். அந்த டாக்டர் தலையைத் தூக்கி ஆளைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவர். ஏழு தடவை அவரிடம்தான் வாங்கியிருக்கிறார். இந்தத் தடவை பொங்கியண்ணனுக்கு மனசு ஒப்பவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஆர்.எஸ்.புரத்தில் உமர் பாரூக் என்கிற டாக்டரிடம் போனார். கறாரான மனுசன் என்று கேள்விப்பட்டிருந்தார், அது உண்மைதான்.

சுவரில் மாட்டிய எழுத்து அட்டையில் ஏழு வரி. பொங்கியண்ணன் நாலு வரி படித்தார். ஐந்தாவது வரியில் எறும்பு ஊர்ந்தது. ரத்தத்தில் சர்க்கரை வெறும் வயிற்றில் இருநூற்று அறுபத்தெட்டு.

"கண்ணுல கோளாறு இல்லீங்க," என்றார் டாக்டர். "சக்கரை ஏறிக் கெடக்கறதுனால பார்வை மங்குது. அது எறங்குனா தெளிஞ்சுரும். தொண்ணூறு நாள் தர்றனுங்க. நூத்தி நாப்பதுக்குக் கீழ கொண்டாந்து காட்டுங்க, கையெழுத்துப் போடறேன். இல்லீனா போடமாட்டேன். பொழுது எறங்குனா ஸ்டியரிங்கத் தொடவே கூடாது."

"ஸ்டியரிங்கை உட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க டாக்டரே."

"அதுக்குத்தானுங்க சொல்றேன்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது குழந்தையம்மாளுக்கு முதலில் அழுகை வந்தது, அடுத்த நிமிசமே யோசனை வந்தது. மகள் சாந்தாமணிக்கு ஊத்துக்குளிப் பாலுசாமியின் மகனோடு நிச்சயம் முடிந்திருந்தது. ஆவணியில் கல்யாணம். "அப்பனுக்குச் சக்கரைன்னா நாளைக்குப் புள்ளைக்கும் வருமுன்னு பேசுவாங்கொ. தாலி ஏறுற வரைக்கும் ஒருத்தர்த்தயும் மூச்சு உடப்படாது," என்று கண்டிசன் போட்டாள். பொங்கியண்ணன் சரியென்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் அவரைப் படாத பாடு படுத்தியது.

தனியார் பஸ் ஓட்டுகிறவருக்கு நேரம் என்றால் உசிர். ஒரு நிமிசம் முந்தினாலும் பிந்தினாலும் அடுத்த வண்டிக்காரன் சண்டைக்கு வந்துவிடுவான். அந்தப் பழக்கத்தில் தொண்ணூறு நாளையும் ஒரு நோட்டில் டிரிப் சீட் மாதிரியே எழுதினார். நாலரைக்கு எழுந்திருப்பது. நாலு நாற்பதுக்கு நடை. தேர்வீதி, வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரி, சேவூர் ரோடு, திரும்பி வீடு, மொத்தம் நாலு மைல். ஐந்து ஐம்பதுக்கு ராகிக்களி. மாத்திரை. மத்தியானம் ஒரு கரண்டி சோறு, காய் நிறைய. ராத்திரி கம்மஞ்சோறு. சாயங்கால டிரிப்பை வேறு டிரைவருக்கு மாற்றிக்கொண்டு பகல் டிரிப் மட்டும்.

இதில் காலைச் சோதனை ஒன்று இருந்தது. டாக்டர் கொடுத்த நீலத் திரவத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் கொஞ்சம் சர்க்கரை. செங்கல் நிறம் வந்தால் நிறையச் சர்க்கரை. இதை மாட்டுக்கொட்டகையில் சிம்னி விளக்கில் வைத்துக் காய்ச்சினார். முதல் நாள் கொதித்துத் தெறித்து வேட்டியில் பட்டது. "கல்யாணத்துக்கு ஒறம்பரை வர்ற ஊட்டுல என்ன வேலைங்க இது, கெரகம்!" என்று குழந்தையம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கெரகமோ என்னமோ, அதன் நிறத்தைப் பார்க்காமல் அவருக்கு அன்றைய பொழுது விடியாது. முதல் நாள் செங்கல். நாலாம் நாள் ஆரஞ்சு. எட்டாம் நாள் மஞ்சள். ஆகா, வண்டி சரியான நேரத்துக்குப் போகிறது என்று அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

வீட்டில் எல்லாம் சரிதான். ரோட்டில்தான் வினை.

"சக்கரை இல்லாம ஒரு டீ போடுங்க," என்றார் ஊத்துக்குளி டீக்கடையில்.

"ஏனுங்கண்ணா, ஒடம்புக்கு என்னுங்க?" என்று கடைக்காரர் வடைச்சட்டியை விட்டுவிட்டு வெளியே வந்தார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் பாலுசாமிக்குப் பங்காளி.

"ஒண்ணுமில்லீங்க. சும்மாதானுங்க. சக்கரை போட்டே கொடுங்க," என்று வாங்கி, வண்டியில் ஏறி, மறுபக்க ஜன்னல் வழியாகக் கீழே ஊற்றினார். பாலகோபால் பார்த்துவிட்டான். அவனுக்கு வாய் ஒரு இடத்தில் நிற்காது. அடுத்த நாளே அந்தக் கடைக்காரர், "எங்க டீ கசக்குதுன்னு ரோட்டுல ஊத்துறீங்களாமுங்க," என்று கண் கலங்கினார். இருபத்திரண்டு வருசத்துப் பழக்கம். பொங்கியண்ணன் அவர் முன்னாலேயே ஒரு முழு டம்ளர் குடித்துக் காட்டவேண்டியதாயிற்று. இப்படியே கடைக்கு ஒரு சமாதானம், சமாதானத்துக்கு ஒரு டம்ளர். பத்தாம் நாள் காலையில் நிறம் திரும்ப ஆரஞ்சுக்கு வந்தது.

அன்றைக்குச் சென்னிமலையில் ஒரு தறிக்காரர் டீயோடு வந்து நின்றதும் எரிச்சல் மண்டைக்கு ஏறியது. என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமல், எதிரே தெரிந்த மலையைக் காட்டி, "விரதமுங்க! முருகனுக்குத் தொண்ணூறு நாள் விரதம். டீ, காப்பி, பலகாரம் ஒண்ணும் தொடறதில்லீங்க!" என்று சொல்லிவிட்டார்.

தறிக்காரர் டம்ளரைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "அப்படீங்களா! தெரியாம நீட்டிப்போட்டனுங்க, மன்னிச்சுக்கோங்க." அவ்வளவுதான். பொங்கியண்ணனால் நம்ப முடியவில்லை. இத்தனை சுலபமா? மூன்று நாள் ஒருத்தரும் டீயோடு கிட்டே வரவில்லை. இந்த யோசனை முதல் நாளே தோன்றாமல் போச்சே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

நாலாம் நாள் ஊத்துக்குளியில் அதே டீக்கடைக்காரர் தூக்குப்போசியோடு வந்தார். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். "விரதத்துக்குப் பாலும் பழமும் ஆகுமுங்களே. எருமைப் பாலுங்க. சுண்டக் காய்ச்சிப் பனங்கல்கண்டு போட்டிருக்குதுங்க."

அட முருகா என்று பொங்கியண்ணன் மனசுக்குள் அலறினார். விரதக்காரன் எதைச் சாப்பிடமாட்டான் என்று சொன்னாரே தவிர, எதைச் சாப்பிடுவான் என்று இந்த ஊருக்கே தெரியும் என்பதை மறந்துபோனார். பெருமாநல்லூர் அம்மாள் கச்சாயத்தை நிறுத்திவிட்டுத் தேனும் தினைமாவும் கொடுத்தார். அவிநாசியில் யாரோ பூவன்பழம் ஒரு சீப்பு. பழநிக்குப் போய்வந்த ஒருவர் பஞ்சாமிர்த டப்பாவையே ஸ்டியரிங் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். டீயையாவது ஜன்னல் வழியாக ஊற்றலாம். பிரசாதத்தை எப்படி ஊற்றுவது? சாமி பிரசாதத்தை வேண்டாம் என்கிற டிரைவரின் பஸ்ஸில் எவன் ஏறுவான்? அவர்கள் கண் முன்னால் கண்ணில் ஒற்றி வாயில் போட்டாக வேண்டும். போட்டார். ஒவ்வொரு வாய்க்கும் உள்ளுக்குள் அழுதார். ஒரு நாள் ஓர் ஆள் புது மொபெட்டுக்குக் கட்ட எலுமிச்சம்பழத்தை நீட்டி, "விரதக்காரரு உங்க கையால தொட்டுக் கொடுங்க சாமி," என்று கேட்டான். பொங்கியண்ணன் தொட்டுக் கொடுத்தார். வேறு என்ன செய்வது?

"உங்கள ஆருங்க முருகனை இழுக்கச் சொன்னது?" என்று குழந்தையம்மாள் களி கிண்டும் துடுப்போடு வந்து நின்றாள்.

"நீதான வாயத் தொறக்காதேன்னே?"

"வாயத் தொறக்காதீங்கன்னு சொன்னா, வாயத் தொறந்து பொய்யச் சொல்லீட்டு வந்திருக்கறீங்கொ."

நாற்பத்தைந்தாம் நாள் டாக்டரிடம் ரத்தம் கொடுத்தார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. வந்தபோது இருந்ததைவிட அதிகம்.

உமர் பாரூக் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நடக்கறீங்களா?"

"ஒரு நாள் உடலீங்க."

"மாத்திரை?"

"மணி அடிச்ச மாதிரி போடறனுங்க."

"பின்ன என்னங்க திங்கறீங்க?"

பொங்கியண்ணன் ஒளிக்காமல் வரிசையாகச் சொன்னார். பனங்கல்கண்டுப் பால், பூவன்பழம், தேன், தினைமாவு, பஞ்சாமிர்தம். டாக்டர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் கேட்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். சத்தம் போட்டவர் டாக்டர்தான். "டீயே குடிச்சிருக்கலாமுங்களே மனுசா! நோன்பு வெச்சவங்க நாங்களும்தான் எத்தனையோ பேரு இருக்கறோம். சக்கரை ஏத்தறதுக்குன்னே விரதம் இருந்த ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "சக்கரைன்னு சொல்லிப் பாருங்களேன். திருட்டா பண்ணிப்போட்டீங்க?" என்றார்.

சொல்லலாம்தான். மகள் கல்யாணம்? பஸ் ஏறி அவிநாசி வருகிற வரைக்கும் பொங்கியண்ணனுக்கு அதே வெசனம். இன்னும் நாற்பத்தைந்து நாள். கையெழுத்து இல்லையென்றால் லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் இல்லையென்றால் வண்டி இல்லை. பழைய டாக்டரிடம் போய் இரண்டு நிமிசத்தில் வாங்கிவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. வந்த சுருக்கில் அந்த லாந்தரும் ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை அடிப்பது பற்றிப் பேசச் சம்பந்தி வீட்டுக்குப் போனார்கள். பாலுசாமி வெண்ணெய் வியாபாரம் செய்கிறவர். வீடெல்லாம் நெய் வாசம். பேச்சு முடிந்ததும் பாலுசாமியின் சம்சாரம் உள்ளிருந்து தட்டோடு வந்தார். குழந்தையம்மாளுக்குக் காப்பி. பொங்கியண்ணனுக்குத் தனியாக ஒரு பெரிய வெள்ளி டம்ளர் நிறையப் பால், பக்கத்தில் நெய் ஊற்றிப் பிசைந்த பஞ்சாமிர்தம்.

"வேண்டாமுங்க," என்றார் பொங்கியண்ணன்.

"அட, கூச்சப்படாதீங்க."

"இல்லீங்க, நெசமாலுமே வேண்டாமுங்க."

"விரதத்துக்குன்னே மடியா இருந்து காச்சுனதுங்க சம்பந்தி." டம்ளர் கைக்கு வந்துவிட்டது.

அந்த டம்ளரின் சூடு விரலில் பட்டதும் நாற்பத்தொன்பது நாள் எரிச்சலும் ஒன்றாகக் கிளம்பியது. பொங்கியண்ணன் எழுந்து நின்று வீடு அதிரக் கத்தினார். "எனக்குச் சக்கரை வியாதிங்க! விரதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லீங்க! இதைக் குடிச்சா என்ற லைசென்ஸ் போயிருமுங்க! போதுமுங்களா!" அத்தனை கோபத்திலும் மரியாதை ஒன்று கூடக் குறையவில்லை. குழந்தையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாலுசாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டார், திரும்ப எடுத்து மடியில் வைத்தார். "எத்தனை நாளாங்க?" என்றார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? பொங்கியண்ணன் கரும்பு வண்டியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். விளக்கு நாலாகத் தெரிந்தது, டாக்டர் கெடு வைத்தது, காலையில் குழாயில் நிறம் பார்ப்பது, விரதம் என்று புளுகியது. "புள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்க. கல்யாணத்துக்குக் கொறை வந்துருமோன்னுதான் மறைச்சுப்போட்டோம். தப்புதானுங்க."

பாலுசாமியின் முகம் சிவந்தது. "ஏனுங்க சம்பந்தி, தை மாசத்துல இருந்து கண்ணு தெரியாமயா வண்டி ஓட்டுறீங்க?"

"பகல்ல தெரியுதுங்க. பொழுது எறங்குனாத்தான்…"

"அந்தக் கரும்பு வண்டியன்னைக்கு மூணாவது சீட்டுல உக்காந்திருந்தது நானுங்க! நெய் டின்னு காலு மேல உழுந்து நகம் பேந்துபோச்சு! வண்டிக்காரனை நானும் சேர்ந்து திட்டுனனே! சக்கரை ஆருக்குத்தான் இல்லீங்க? அதையா மறைப்பாங்க? சொல்லியிருந்தா நான் எறங்கி வேற வண்டியில போயிருக்க மாட்டனா?" அவர் கத்திய கத்தலில் சம்சாரம் பால் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு முழுக்க அவர் நகத்தைப் பற்றியேதான் பேசினார்.

கல்யாணத்துக்குப் பங்கமில்லை என்று பொங்கியண்ணன் நிம்மதியாக மூச்சு விட்டது ஒரே ஒரு ராத்திரிதான். திங்கட்கிழமை காலையில் ஊத்துக்குளியில் பாலுசாமி வண்டியில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சம்பந்தி, இன்னைக்கு என்ன கலருங்க?"

"மெதுவாப் பேசுங்க."

"நான் ஏறுற வண்டிங்க. எனக்குத் தெரியோணும். நீலங்களா, பச்சைங்களா?"

"செங்கலுங்க."

"செங்கலாமா!" என்று பாலுசாமி பின்பக்கம் திரும்பிச் சொன்னார். என்ன செங்கல் என்று ஜனங்கள் கேட்டார்கள். பாலுசாமியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பாலகோபால் டிக்கெட் கிழித்தபடியே விளக்கினான். ஒரு வாரத்தில் காந்திபுரத்திலிருந்து சென்னிமலை வரைக்கும் டிரைவரின் காலைச் சோதனை நிறம் தெரியாதவர் எவரும் இல்லை. கல்லூரிக்குப் போகிற பெண்பிள்ளைகள்கூட முந்தானைக்குள் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். மானம் மரியாதை எல்லாம் போச்சு என்று பொங்கியண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கியர் போட்டார்.

உபசாரம் நின்றதா என்றால், அதெப்படி நிற்கும்? டீக்கடைக்காரர் பாகற்காய்ச் சாறு வைத்துக்கொண்டு நின்றார். பெருமாநல்லூர் அம்மாள் வெந்தயத் தண்ணீர். தறிக்காரர் ஒருவர் நாவல்கொட்டைப் பொடி. இன்னொருவர் ஆவாரம்பூக் கசாயம், அதுவும் சொம்பு நிறைய. 'வேண்டாமுங்க' என்றார். முதல் தடவை மரியாதைக்குச் சொல்கிறார் என்றார்கள். இரண்டாம் தடவை கூச்சப்படுகிறார் என்றார்கள். நாக்கு மரத்துப்போய் நாலு நாளைக்கு உப்பு உறைப்பே தெரியவில்லை. வயிறு கலங்கி ஒரு டிரிப்பைப் பாதியில் நிறுத்த வேண்டியும் வந்தது. டாக்டரிடம் எழுதி வாங்கிவந்து, 'மாத்திரை போதும், வேறு எதுவும் கொடுக்கக் கூடாது' என்கிற சீட்டைக் கண்ணாடியில் ஒட்டிய பிறகுதான் கசாயம் நின்றது. ஆனாலும் ஒன்று. டம்ளரில் சர்க்கரையோடு ஒருத்தரும் கிட்டே வரவில்லை. யாராவது தெரியாமல் நீட்டினால் பஸ்ஸே எழுந்து கத்தியது.

நாலரை மணிக்கு எழுந்தார், நடந்தார், களி சாப்பிட்டார், நிறம் பார்த்தார், நோட்டில் எழுதினார். மழை வந்த அன்றைக்குக் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். நாய் துரத்திய அன்றைக்கு நாலு மைலை அரைமணி நேரத்தில் முடித்தார். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டேதான் எல்லாம் செய்தார். அறுபதாம் நாள் மஞ்சள். எழுபத்திரண்டாம் நாள் பச்சை. எண்பத்தொன்றாம் நாள் காலையில் குழாய் கொதித்துக் கொதித்து அடங்கியும் நீலமாகவே இருந்தது. மாட்டுக்கொட்டகையிலேயே உட்கார்ந்து அதை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அன்றைக்குப் பாலுசாமி பஸ்ஸில் கேட்டபோது பொங்கியண்ணன் தானாகவே உரக்கச் சொன்னார். பின்சீட்டில் யாரோ விசிலடித்தார்கள்.

தொண்ணூறாம் நாள் குழந்தையம்மாளையும் கூட்டிக்கொண்டு ஆர்.எஸ்.புரம் போனார். ரத்தம் நூற்று முப்பத்திரண்டு. எழுத்து அட்டை முன்னால் நிறுத்தினார்கள். முதல் வரியிலிருந்து ஆறாம் வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் வந்தார். ஏழாம் வரியில் கொஞ்சம் நின்று, ஒவ்வொரு எழுத்தாக, அதையும் படித்துவிட்டார். உமர் பாரூக் சிரித்துக்கொண்டே பாரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பொங்கியண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இத்தனை நாளாக நாக்கில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"அப்ப இனி நாளையில இருந்து பழையபடி இருக்கலாமுங்களா?"

"பழையபடின்னா?"

"காலையில சித்த தூங்கறது. ஒரு டீ. ஆவணியில புள்ளை கல்யாணத்துல பாயசம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நான் குடுத்தது கையெழுத்துக்குக் கெடுங்க. சக்கரைக்குக் கெடு கிடையாது. இதே மாதிரிதானுங்க, ஆயுசுக்கும். உட்டீங்கன்னா மூணு மாசத்துல திரும்ப நாலு வரிக்கு வந்துருவீங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த குழந்தையம்மாள் எழுந்து வந்தாள். "என்னுங்க ஆச்சு?"

"போட்டுக் கொடுத்துட்டாரு."

"அப்பறம் ஏன் எழவு ஊட்டுல இருந்து வர்ற மாதிரி வர்றீங்கொ?"

ரோட்டோரம் நகைக்கடை நிழலில் நின்று பொங்கியண்ணன் கொட்டித் தீர்த்துவிட்டார். "இது முடியவே முடியாதாமா புள்ள! தொண்ணூறுன்னு ஒவ்வொரு நாளா எண்ணிக்கிட்டு வந்தனே, எண்ணுனதெல்லாம் வீணாமா! சாகற வரைக்கும் நாலரைக்கு எந்திரிக்கோணுமாமா, களி திங்கோணுமாமா. என்ற புள்ளை கல்யாணத்துல ஒரு வாய் பாயசம் இல்லையாமா. நான் ஒருத்தன் எத்தனை நாளைக்குத்தான் வாயைக் கட்டிக்கிட்டுக் கெடக்கறது?" இத்தனை பேர் நடுவில் அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

"ஒருத்தனா?" என்றாள் குழந்தையம்மாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் இரக்கம் ஒரு சொட்டும் இல்லை.

"நீங்க நாலரைக்கு எந்திரிச்சா, நான் நாலு மணிக்கு எந்திரிச்சு அடுப்புப் பத்த வெக்கோணும். நீங்க திங்கற களியத்தானுங்க நானும் திங்கறேன். உங்களுக்கு எதுருல உக்காந்து எனக்குச் சக்கரைக் காப்பி எப்படீங்க எறங்கும்? தொண்ணூறு நாளா அந்தச் சக்கரை டப்பாவத் தொறக்கலீங்க. சம்பந்தி ஊட்டுல கொடுத்த காப்பியக்கூட ஒரு வாய் குடிக்காம கீழ வெச்சுப்போட்டுத்தான் வந்தேன். உங்க கலரை ஊரே கேட்டுது. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீ என்ன தின்னே புள்ளேன்னு கேட்டீங்களா?"

பொங்கியண்ணன் மனசுக்குள் நோட்டைப் புரட்டினார். நோட்டில் தொண்ணூறு நாளுக்கும் வரி இருந்தது. எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை மைல் நடந்தார், என்ன சாப்பிட்டார், என்ன நிறம் என்று எல்லாம் இருந்தது. பொண்டாட்டியின் தட்டில் என்ன இருந்தது என்று எவ்வளவு முட்டி மோதியும் ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை.

"ஏம்புள்ள, நீயாச்சும் சொல்லியிருக்கப்படாதா?" என்றார்.

"நீங்க ஏனுங்க கேக்கலை?"

குழந்தையம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்தாள். பொங்கியண்ணன் சட்டைப்பையில் கையெழுத்தோடு அவள் பின்னாலேயே போனார்.